கைதட்டியது போதும், முதல் ஆர்டரைக் கொடுங்கள்!

ஆளுயர அட்டையில் அச்சடித்த காசோலை. அதை இரு கைகளாலும் பிடித்தபடி நான்கு மாணவர்கள். ஒரு பக்கம் சிறப்பு விருந்தினர், மறுபக்கம் கல்லூரித் தாளாளர். புதுத் தொழில் யோசனைக்கான போட்டி நடக்காத பொறியியல் கல்லூரி இன்று தமிழ்நாட்டில் அரிது. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரிகிற மகிழ்ச்சி உண்மையானது. அவர்கள் செய்து காட்டிய கருவியும் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கிற கருவிதான். ஆனால் ஓராண்டு கழித்து அவர்களைத் தேடிப் போனால், பெரும்பாலும் நால்வருமே ஏதாவது ஒரு நிறுவனத்தின் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கருவி ஆய்வக அலமாரியில் இருக்கும்.

அவர்களுக்குத் திறமை குறைந்துபோனதால் இப்படி ஆவதில்லை. பாராட்டுக்கும் பஞ்சமில்லை, பேச்சாளர்கள் வந்து பேசுகிறார்கள், விருதுகள் கிடைக்கின்றன, பயிலரங்குகள் நடக்கின்றன. "இதில் பத்து எனக்குச் செய்து கொடு, பணத்தை இந்தத் தேதியில் தருகிறேன்" என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இல்லை.

முதல் ஆர்டர் தரும் படிப்பை எந்த வகுப்பறையும் தர முடியாது. விலை போடக் கற்றுக்கொள்வது அப்போதுதான். கச்சாப்பொருள் வாங்கும் இடத்தில் கடன் கேட்கப் பழகுவது, செய்த பத்தில் மூன்று திரும்பி வரும்போது எங்கே தப்பு என்று தேடுவது, பில் போட்டு வரி கட்டி மிச்சம் எவ்வளவு என்று இரவில் கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த ஒரு ஆர்டரில் தொடங்குகின்றன. அதைக் காட்டினால் வங்கி மேலாளர் நிமிர்ந்து பார்க்கிறார். அதைக் காட்டினால் வீட்டில் அப்பா கொஞ்சம் அடங்குகிறார். இரண்டாவது வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியே, "இதுவரை யாருக்குச் செய்து கொடுத்திருக்கிறீர்கள்?" என்பதுதான்.

இளைஞர்களைத் தொழிலுக்குக் கொண்டுவருவது எப்படி என்று நாம் இன்று மாநாடு கூட்டி யோசிக்கிறோம். இந்த மண் அதைப் பல தலைமுறைகளாகச் செய்து பார்த்திருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்கத்தா போய் வந்த இருவர்

1922-ல் சிவகாசி மழை பொய்த்த வறண்ட ஊர். விவசாயத்தை நம்ப முடியாது. அப்போது பி.அய்ய நாடார், ஏ.சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே மாதக்கணக்கில் தங்கித் தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-ல் ஊர் திரும்பித் தொழிற்சாலை தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் இருவரும் தனித்தனியே பிரிந்தபோது 'அணில்' ஒருவருக்கும் 'காக்கா' இன்னொருவருக்கும் அடையாளமாயின. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது, அச்சகத்திலிருந்து காலண்டரும் நோட்டுப் புத்தகமும் வந்தன. சுவீடன் நாட்டு முதலீட்டோடு பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டு விம்கோ தீப்பெட்டி நிறுவனம் இந்தியச் சந்தையில் இறங்கிய அதே காலத்தில், இந்த ஊர் கையால் செய்து போட்டியில் நின்றது.

இந்தக் கதையை இரண்டு வீரர்களின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. வியாபாரி ஒவ்வொருவரும் விற்பனையில் ஒரு சிறு பங்கைப் பொதுவில் போடும் 'மகமை' நாடார் சமூகத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அந்தப் பணத்தில்தான் 1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளி எழுந்தது. 1921-ல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. பள்ளி, கடன், சந்தை மூன்றும் பக்கத்திலேயே இருந்ததால், ஒருவர் தொடங்கிய தொழிலை அடுத்த தெருக்காரர் பார்த்துத் தானும் தொடங்க முடிந்தது. அந்த வளர்ச்சிக்காகப் பல ஆண்டுகள் குழந்தைகள் குச்சி அடுக்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விலை கொடுக்காமல் வளரும் வழியைத் தேடுவது நம் தலைமுறையின் கடமை.

செட்டிநாட்டில் வேறு மாதிரி. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கடைகளுக்கு, மனக்கணக்கில் தேறிய பையன்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். முதலில் 'பெட்டியடிப் பையன்'. பணப்பெட்டி அருகே இருந்து எடுபிடி வேலை, வசூலுக்குப் போகும் வேலை, பேரேடு பார்க்கும் வேலை. தேறினால் 'அடுத்தாள்'. இன்னும் தேறினால் கடையையே நடத்தும் முகவர். மூன்று ஆண்டு ஒரு தவணை. முடிந்ததும் ஊருக்கு வந்து திரும்பலாம். இருபது வயதுக்குள் ஒருவன் யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை முகம் பார்த்துக் கணிக்கத் தெரிந்திருப்பான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் தனிக்கடை போடுவான். பழைய முதலாளியே அதற்குப் பணம் போடுவதும் உண்டு.

திருப்பூரைப் பாருங்கள். இன்று பின்னலாடை ஏற்றுமதியில் நாட்டின் தலைநகரம். இத்தாலியிலிருந்து ஆர்டர் வந்து ஏற்றுமதி தொடங்கியது 1970களின் இறுதியில். அதற்கு முன்பே உள்நாட்டுப் பனியன் தொழில் அங்கே அரை நூற்றாண்டாக வளர்ந்திருந்தது. பனியன் கம்பெனியில் டெய்லராகவோ கட்டிங் மாஸ்டராகவோ சேர்ந்து, நான்கு தையல் இயந்திரம் வாங்கிப் 'பவர் டேபிள்' போட்டு, பழைய முதலாளியிடமே ஜாப் ஒர்க் எடுத்து, பிறகு தானே முதலாளி ஆனவர்கள் அந்த ஊரில் ஏராளம். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த கவுண்டர் இளைஞர்கள் இப்படித் தொழிலாளியாக இருந்து முதலாளியான வரலாற்றை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரின் அமைப்பே அதற்குத் தோதாக இருந்தது. ஒரு பனியன் முழுதாக ஒரே கூரையின் கீழ் உருவாக வேண்டியதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், செக்கிங்கும் அயர்னிங்கும் இன்னோரிடம். இந்தத் துண்டுகளில் ஒன்றை மட்டும் ஒருவர் கையில் எடுத்தால் போதும். கோடி ரூபாய் வேண்டாம். நூல் வியாபாரி கடன் தருவார். வேலை தருபவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார்.

மூன்று ஊர்கள், மூன்று முறைகள். மூன்றிலும் இளைஞனுக்குக் கிடைத்தவை இவை மூன்றுதான்: நிஜமான கடையில் கற்றுக்கொள்ள ஓரிடம், நம்பிக் கடன் கொடுக்க ஒரு கை, சின்னதாக ஒரு முதல் ஆர்டர். யாரும் அவனை மேடையேற்றிக் கைதட்டவில்லை. அவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

யார் மகனுக்கு அந்த இடம்?

ஆனால் அந்த இடம் யாருக்குக் கிடைத்தது? மாமன் மகனுக்கு, பங்காளிக்கு, சொந்தச் சாதிக்காரரின் பையனுக்கு. உத்தரவாதம் தந்தது உறவு. 'இவன் ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது' என்ற உறுதிதான் அங்கே அடமானப் பத்திரம். உறவின் வட்டத்துக்கு வெளியே நின்ற எத்தனையோ திறமைசாலிகளுக்கு அந்தக் கடைகளின் படி ஏறவே வழியில்லை. ஒரு தலித் இளைஞனுக்கு நூல் வியாபாரி கடன் தந்திருப்பாரா? சொத்து தன் பெயரில் இல்லாத ஒரு பெண்ணை யார் பேரேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்? பாரம்பரியத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது.

சாதி கொடுத்த அந்த மூன்றையும், சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது அமைப்புகள் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது இதைத்தான்.

நம்மால் அது முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. காமராஜர் முதல்வராகவும் ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தில், 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. நிலம் வாங்கிக் கட்டடம் கட்ட வசதியில்லாதவருக்கு, மின்சாரமும் தண்ணீரும் சாலையும் உள்ள ஷெட்டை அரசே கொடுத்தது. 1960களில் அம்பத்தூர் வந்தது. அசோக் லேலண்டும் டிவிஎஸ் குழும நிறுவனங்களும் சென்னையைச் சுற்றி வளர்ந்த காலம் அது. ஒரு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெரிய ஆலைகளின் கொள்முதல் பிரிவுகள் வேலை கொடுத்தன. வரைபடத்தைக் கையில் கொடுத்து, எத்தனை மைக்ரான் தவறலாம் என்று சொல்லிக்கொடுத்து, தவறியதைத் திருப்பி அனுப்பி, அடுத்த முறை சரியாகச் செய்ய வைத்தன. தமிழ்நாட்டின் வாகன உதிரிபாகத் தொழிலுக்கு அந்தக் கொள்முதல் அலுவலர்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கு இணையானவர்கள். அவர்களில் ஒருவருக்கும் நாம் சிலை வைக்கவில்லை.

கோவையில் கோடிசியா போன்ற சிறுதொழில் அமைப்புகளும் பம்ப்செட்டைச் சோதித்துச் சான்று தரும் பொது ஆய்வுக்கூடமும் இதே வேலையைச் செய்தன. தனியாக ஒரு சோதனைக்கூடம் கட்ட முடியாத சின்னப் பட்டறைக்காரர், கட்டணம் கட்டித் தன் பம்ப்பின் தரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போய்ப் பெரிய வியாபாரியிடம் காட்ட முடிந்தது. சுலபமாகக் கடந்துபோய்விடுகிற செய்தி இது. ஆனால் இளம் தொழில்முனைவோர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி அபூர்வம்.

அடமானம் இல்லாதவனின் வரி ரசீது

1983-ல் கடலூரில் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 15,000 ரூபாயுடன் தனியாக ஷாம்பூ தயாரிக்கத் தொடங்கினார். பொருளைச் சிறு பாக்கெட்டில் விற்கும் யோசனை அவருடைய தந்தை சின்னிகிருஷ்ணனுடையது. பணக்காரர் பயன்படுத்துவதைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் கனவு. தந்தை பெயரிலிருந்துதான் 'சிக்' என்ற பெயர் வந்தது. பிறகு நிறுவனத்தின் பெயர் கெவின்கேர் ஆனது.

அவர் பேட்டிகளில் சொன்ன ஒரு செய்தியை வங்கிப் பயிற்சி நிலையங்களில் பாடமாக வைக்கலாம். அடமானம் வைக்கச் சொத்து இல்லாததால் முதல் வங்கிக் கடனுக்கு மூன்று ஆண்டு அலைந்திருக்கிறார். கடைசியில் ஒரு வங்கி 25,000 ரூபாய் கொடுத்தது. அதை ஒழுங்காகச் சுழற்றிக் காட்டினார், வரம்பு லட்சங்களுக்கு உயர்ந்தது. அவருடைய கடன் விண்ணப்பத்தில் வங்கி மேலாளர் எழுதிய குறிப்பின் சாரம் இது: இவரிடம் அடமானம் வைக்க எதுவும் இல்லை, ஆனால் மற்றச் சிறு நிறுவனங்களைப் போல் அல்லாமல் இவர் வருமான வரி கட்டுகிறார், இதில் ஏதோ இருக்கிறது.

அந்த மேலாளர் சொத்துப் பத்திரத்தைத் தேடவில்லை. பையன் எப்படிக் கணக்கு வைக்கிறான் என்று பார்த்தார். இந்தியாவில் அடமானமில்லாக் கடனுக்கு உத்தரவாதம் தரும் சிஜிடிஎம்எஸ்இ அறக்கட்டளை 2000-ல் வந்தது. கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் இழப்பின் பெரும் பகுதியை அது ஏற்கும். இருந்தும் பல கிளைகளில் "வீட்டுப் பத்திரம் இருக்கா? அப்பா என்ன பண்றாரு?" என்ற கேள்விகள் நிற்கவில்லை. மேலாளரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. கடன் வாராக்கடன் ஆனால் விசாரணை அவர் பெயரில் வரும். கொடுக்காமல் விட்ட கடனுக்காக எந்த மேலாளரையும் யாரும் விசாரிப்பதில்லை. கையில் ஒரு ஆர்டர் இருந்தால் அந்த மேலாளரின் பயம் பாதியாகக் குறையும்.

திட்டங்கள் எவை இருக்கின்றன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும். மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் படித்த இளைஞர்களின் 5 கோடி ரூபாய் வரையிலான தொழில்களுக்கு 25 சதவீத மானியம் உண்டு. எட்டாம் வகுப்பு படித்தவருக்கும் யுஒய்இஜிபி என்ற மாநிலத் திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் பிஎம்இஜிபி உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் திட்ட மதிப்பு வரை மானியம் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினத் தொழில்முனைவோருக்காக 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் மானியம் 35 சதவீதம், வட்டியில் 6 சதவீதச் சலுகை. மாவட்டத் தொழில் மையம்தான் இவற்றின் வாசல். மாநில அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்பு தன் டான்சீட் திட்டத்தில் புதிய நிறுவனங்களுக்கு ஆதார நிதி தருகிறது. குறைகளைத் தாண்டி இவற்றால் தொழில் தொடங்கியவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

ஆனால் மானியத்தில் இயந்திரம் வாங்கலாம், வாடிக்கையாளரை வாங்க முடியாது. மானியத்தில் வந்த இயந்திரம் ஆர்டர் இல்லாமல் தூசி படிந்து கிடக்கும் ஷெட்டுகளையும் இதே மாவட்டங்களில் பார்க்கலாம்.

பெரிய வாடிக்கையாளர் யார்?

நாட்டிலேயே மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம்தான். மருத்துவமனைக்குப் படுக்கை, பள்ளிக்கு மேசை, உள்ளாட்சிக்குத் தெருவிளக்கு, நீரேற்று நிலையத்துக்கு சென்சார் என அது வாங்காத பொருள் இல்லை. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் அமைச்சகங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்பது விதி. அதற்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும் பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதமும் உள்ஒதுக்கீடு.

இளைஞர்களை உண்மையில் தடுத்துவந்தது டெண்டர் ஆவணத்தின் இரண்டு வரிகள். "கடந்த மூன்று ஆண்டுகளில் இத்தனை கோடி விற்றுமுதல்", "இதே பொருளை இத்தனை இடத்தில் வழங்கிய அனுபவம்". நேற்றுத் தொடங்கிய நிறுவனத்துக்கு மூன்று ஆண்டு வரலாறு எங்கிருந்து வரும்? ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்த மத்திய அரசு வழிசெய்தது. தமிழ்நாடு அதைவிடத் துணிச்சலான ஒன்றைச் செய்தது: அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களிடம் அரசுத் துறைகள் 50 லட்சம் ரூபாய் வரை டெண்டர் கோராமல் நேரடியாக வாங்கலாம் என்றது. நான் படித்த ஊக்குவிப்பு அறிவிப்புகளில் என்னை எழுந்து உட்கார வைத்தது இதுதான். அந்த அட்டைக் காசோலைகள் எல்லாவற்றையும்விட இந்த ஓர் ஆணைக்கு வலிமை அதிகம். இதை ஒவ்வொரு துறைச் செயலரும் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்று சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். அதிகாரிகளுக்குத் தணிக்கை பயம் இருக்கும். அந்தப் பயத்தைப் போக்குவது அரசியல் தலைமையின் வேலை.

பணம் எப்போது வரும்?

ஆர்டர் கிடைத்துவிட்டது, பொருளும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆபத்து அங்கேதான்.

ஓசூரில் 26 வயதுப் பொறியாளர் ஒருவர் மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு ஒரு பாகம் செய்து கொடுக்கிறார் என்று கொள்ளுங்கள். லாபம் 20,000. வாங்கும் நிறுவனம் 90 நாள் கழித்துப் பணம் தரும். முதல் பில்லுக்கான பணம் வரும்போது அவர் மூன்று மாதச் சரக்கை அனுப்பி முடித்திருப்பார். 6 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அதில் அவர் கையிலிருந்து போட்ட செலவு மட்டும் 5 லட்சத்து 40 ஆயிரம். இரும்புக் கடைக்காரர் 30 நாளில் கேட்பார். ஆட்களுக்கு வாரச் சம்பளம். ஜிஎஸ்டியை, வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும் மறுமாதமே கட்டியாக வேண்டும். ஆர்டர் இரண்டு மடங்கானால் மகிழ்ச்சியோடு சேர்த்துக் கடனும் இரண்டு மடங்காகும். தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே ஷட்டரை இழுத்துப் பூட்டுவது இப்படித்தான். வெளியே இருந்து பார்ப்பவர்கள் "பையனுக்கு அனுபவம் போதவில்லை" என்பார்கள். அவருடைய பணம் இன்னொருவர் கணக்கில் வட்டி சம்பாதித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. சென்னை, கோவை, திருச்சி, மதுரையில் இதற்கான மன்றங்கள் இருக்கின்றன. இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்தது: கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், அந்தத் தொகையைத் தந்து முடிக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது.

ஆனால் புகார் எழுதும் கை நடுங்குகிறது. இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர்மீது வழக்குப் போட்டுவிட்டு நாளை யாரிடம் போவது? அதனால் கேட்பதற்கே கூச்சப்பட்டு, வட்டிக்கு வாங்கிச் சமாளித்து, ஒருநாள் களைத்துப்போகிறார்கள். இதில் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். தனி ஆளின் பெயர் வராமல், "எங்கள் உறுப்பினர்களுக்கு இந்த நிறுவனம் 45 நாளுக்குள் தருவதில்லை" என்று சிறுதொழில் சங்கமே வெளிப்படையாகச் சொல்லலாம். இளம் தொழில்முனைவோருக்கு விருது கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒவ்வொன்றும், தன் சிறு சப்ளையர்களுக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறது என்பதையும் அதே மேடையில் அறிவிக்கட்டும்.

ஐந்து ஆண்டு காத்திருந்த பணம்

எல்லாத் தொழிலும் பத்து உருப்படி செய்து கொடுத்துத் தொடங்கும் தொழில் இல்லை. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் ஏத்தர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். முதல் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக்கு அறிமுகமானது 2018-ல். நடுவில் ஐந்து ஆண்டுகள் விற்க எதுவும் இல்லை. ஐஐடியின் ஆதரவும், தொடக்கத்தில் நம்பிப் பணம் போட்ட சிலரும், பிறகு ஃபிளிப்கார்ட் நிறுவனர்களும் அந்த ஐந்து ஆண்டுகளைத் தாங்கினார்கள். இன்று ஓசூரில் ஆலை இருக்கிறது. 2025 மே மாதம் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது.

2017-ல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸின் கதையும் இதே வளாகத்துக் கதைதான். ராக்கெட் செய்ய விரும்புகிறோம் என்று வந்தவர்களைப் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி சிரித்து அனுப்பிவிடவில்லை. எரிதல் ஆராய்ச்சி மையத்தின் கதவைத் திறந்துவிட்டார். இஸ்ரோ தன் வசதிகளைத் தனியாருக்குத் திறக்க முன்வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்த ஏவுதளம் அமைத்தார்கள். புறப்படும் நேரத்தில் ஏவுதல் பலமுறை நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. 2024 மே 30 அன்று, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் 'அக்னிபான்' சோதனை ராக்கெட் எழும்பியது. நிறுத்தப்பட்ட அந்த நாட்களில் முதலீட்டாளர்களும் பேராசிரியர்களும் கைவிட்டிருந்தால் நமக்கு அந்த மே 30 இல்லை.

இப்படி ஐஐடி ஆய்வுப் பூங்காவில் நடப்பது, திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ உள்ள ஒரு சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைக்கு ஏன் நடக்கக் கூடாது? அவருக்குத் தேவைப்படுவது ராக்கெட் மையம் இல்லை. மாலை ஐந்து மணிக்குப் பூட்டாத ஒரு பட்டறை, ஒரு சிஎன்சி இயந்திரம், தப்பாகப் போன உருப்படிக்குத் திட்டாத ஓர் ஆசிரியர்.

படிப்பு விஷயத்தில் ஸோஹோ செய்து காட்டியதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளை, கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகை கொடுத்து, வேலை செய்தபடியே கற்க வைக்கும் பள்ளிகளை அது இருபது ஆண்டுகளாக நடத்துகிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். பழைய பெட்டியடிப் பையனின் பயிற்சி இங்கே உறவுமுறை கேட்காமல் நடக்கிறது.

அந்த நிறுவனத்தில் வேலை செய்து வெளியே வந்த திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் ஃபிரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு பள்ளி. சென்னையில் ஒரு சின்ன அறையில் இருந்தவர்கள் யார், என்ன விற்றுமுதல் என்று அந்தப் பள்ளி கேட்கவில்லை. மென்பொருள் பிடித்திருந்தது, வாங்கியது. 2021 செப்டம்பரில் ஃபிரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டபோது, பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அவர்களில் சுமார் 70 பேர் முப்பது வயதுக்குக் கீழே. அந்தப் பணத்தில் ஒரு பகுதி இன்று சென்னையில் அடுத்த நிறுவனங்களுக்கு முதலீடாகப் போகிறது. மென்பொருள் துறை நண்பர்கள் கூடித் தங்கள் தோல்வியையும் விலை போடும் ரகசியத்தையும் இளையவர்களிடம் ஒளிக்காமல் பேசும் வழக்கமும் இந்த ஊரில் வளர்ந்திருக்கிறது. பம்ப்செட்டிலும் பனியனிலும் ஜெயித்தவர்களும் இப்படி உட்கார்ந்து பேச வேண்டும்.

மகள் கேட்டால்?

மகன் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குகிறேன் என்றால் வீட்டில் மூன்று நாள் சண்டை நடக்கும், நான்காம் நாள் அம்மாவின் நகை அடகுக்குப் போகும். மகள் அதையே கேட்டால் வரன் பார்க்கத் தொடங்குவார்கள். பெண்கள் சிறுதொழில் செய்வதை நாம் ஊறுகாய், தையல், அழகு நிலையம் என்ற எல்லைக்குள் வாழ்த்துகிறோம். அவர் ஃபவுண்டரி போடுகிறேன், பேட்டரி பேக் செய்கிறேன் என்றால் வங்கியிலும் வீட்டிலும் ஒரே கேள்விதான்: "கூட யார் இருக்காங்க?" கையெழுத்துப் போட ஓர் ஆண் வேண்டும் என்பதே அதற்குப் பொருள். ஸ்டாண்ட்அப் இந்தியா 2016-ல் வந்தபோது, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பெண்ணுக்கும் ஒரு பட்டியலின அல்லது பழங்குடியினத்தவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை புதுத் தொழிலுக்குக் கடன் தர வேண்டும் என்று வகுத்தார்கள். உங்கள் தெருமுனைக் கிளை அப்படி யாருக்குக் கொடுத்தது என்று விசாரித்துப் பாருங்கள். குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமானது. அந்தப் பங்கு பத்திரத்தில் ஏறினால், அடமானம் கேட்கும் வங்கியின் முன்னால் அவர் யாரையும் கூட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டியதில்லை.

இதை வாசிப்பவர்களில் ஆலை நடத்துபவர்கள் இருப்பீர்கள். மருத்துவமனை, பள்ளி, ஹோட்டல், ஜவுளிக் கடை நடத்துபவர்கள் இருப்பீர்கள். உங்கள் கொள்முதல் பிரிவில் புதிய சப்ளையருக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று இருக்கும். அதை ஒரு முறை வாங்கிப் படியுங்கள். மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கு கேட்கும் வரி அதில் இருந்தால், 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஆர்டர்களுக்கு அது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஏப்ரலில் புதிய நிதியாண்டுக்கான சப்ளையர் பட்டியல் தயாராகும்போது, உங்களுக்கு உறவில்லாத, முப்பது வயதைத் தாண்டாத இரண்டு பேருக்கு அதில் இடம் வையுங்கள். சாம்பிள் தப்பாக வந்தால் எங்கே தப்பு என்று சொல்லி ஒரு முறை திருப்பி அனுப்புங்கள். சரியாக வந்தால் 45-ம் நாளுக்குள் பணத்தை அவர்கள் கணக்கில் போட்டுவிடுங்கள்.